மறுபடியும் ஓர் இரத்தப் பரிசோதனையா?

அதிகாலை ஐந்து மணி. வைத்தியசாலையின் பெண்கள் விடுதியில் மின்விளக்குகள் ஒவ்வொன்றாக ஒளிரத் தொடங்குகின்றன. ஊசியும் பஞ்சும் வண்ணமூடியிட்ட சிறு குழாய்களும் அடுக்கிய தட்டுடன் தாதியொருவர் கட்டில் கட்டிலாக வருகின்றார். ஓரத்துக் கட்டிலிற் படுத்திருக்கும் மூதாட்டி, எவரும் எழுப்பாமலே கண்விழித்து, எவருங் கேளாமலே தமது கையை நீட்டுகின்றார். அந்தக் கையின் மடிப்பிலே நேற்றைய ஊசி குத்திய இடம் நீலமாய்க் கன்றிக் கிடக்கின்றது. முந்தாநாள் குத்திய இடம் மஞ்சள் நிறமாய் மாறியிருக்கின்றது.

“பிள்ளை, நேற்றும் எடுத்தனீங்கள்தானே?”

“ஓம் ஆச்சி. இண்டைக்கும் எழுதியிருக்கினம்.”

உரையாடல் இவ்வளவே. ஏன் எழுதினார்கள் என்பதை நீட்டிய கைக்கு உரியவரும் அறியார். இரத்தம் எடுத்தவரும் அறியார். எழுதிய இளம் வைத்தியரை வினவினால் அவருங்கூட, “வழக்கமாக எழுதுவதுதான்” என்றே விடை பகரக்கூடும்.

அம்மூதாட்டி எமது உறவினர், 74 வயதினர், நெடுங்காலச் சலரோகம் உடையவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் நெஞ்சுச் சளியோடு கூடிய காய்ச்சலுக்காகச் சிறிய வைத்தியசாலையொன்றிற் சேர்க்கப்பட்டு, மறுநாள் பெரிய வைத்தியசாலையொன்றுக்கு மாற்றப்பட்டார். முதலிடத்திற் செய்த பரிசோதனைகளின் முடிவுகள் அவருடன் வந்து சேரவில்லை. ஆகவே அன்று மாலையே அத்தனையும் மறுபடி செய்யப்பட்டன. அதன்பின் நாள்தோறும் மூன்று அல்லது நான்கு குழாய்கள். ஐந்தாம் நாளிலேயே காய்ச்சல் தணிந்துவிட்டது. காலிலிருந்த புண்ணொன்று ஆறவேண்டியிருந்தமையாற் பதினாறு நாட்கள் தங்க நேர்ந்தது. காய்ச்சல் நின்ற பின்னருங் குழாய்கள் நிற்கவில்லை.

பதினாறாம் நாள், வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும் வேளையிலே, இரத்தத்தின் ஈமோகுளோபின் அளவு 11.4இலிருந்து 10.1க்கு இறங்கியிருப்பது தெரியவந்தது. உள்ளே எங்கேனும் இரத்தங் கசிகின்றதோ என்ற ஐயம் எழுந்தது. மலப் பரிசோதனை எழுதப்பட்டது. வாய்வழியே குழாய் செலுத்தி இரைப்பையைப் பார்க்கலாமா என்ற பேச்சும் நடந்தது. அப்பொழுது விடுதியைச் சுற்றிவந்த மூத்த வைத்தியர் ஒருவர், கசிவுக்குரிய வேறு அறிகுறிகள் இல்லையென்பதைப் பார்த்து உறுதிசெய்து கொண்டு, கட்டிற் சீட்டை முதலேட்டிலிருந்து புரட்டி, எடுத்த குழாய்களை எண்ணினார். எண்ணிக்கை அறுபதைத் தொட்டது. “கசிவு வயிற்றில் இல்லை, எங்கள் ஊசியில்தான் இருக்கிறது” என்றார் அவர்.

இது ஒரு மூதாட்டியின் கதை மட்டுமன்று. உலகின் பல நாடுகளிலும் வைத்திய அறிஞர்கள் இப்பொழுது இதனை ஆராய்ந்து வருகின்றனர். பரிசோதனை என்பது நோயாளிக்கு நன்மை செய்யும் ஒரு கருவி. அக்கருவியையே தேவையின்றித் திரும்பத் திரும்பக் கையாண்டால் விளைவது யாது? அதனைத் தடுப்பது எங்ஙனம்? குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இயந்திரம் தந்த வசதி

ஒரு காலத்தில், இரத்தத்திலுள்ள சீனியின் அளவை அறிதல் எளிய காரியமாக இருக்கவில்லை. பரிசோதனைச்சாலை ஊழியர் ஒருவர் மருந்துகளைக் கையால் அளந்து கலந்து, சூடாக்கி, தோன்றும் நிறத்தை ஒப்புநோக்கியே முடிவு கூறவேண்டும். ஒரு பரிசோதனைக்குக் கணிசமான நேரஞ் செல்லும். ஆதலால் வைத்தியரும், “இது உண்மையில் வேண்டுமா?” என்று யோசித்த பின்னரே எழுதுவார்.

1957ஆம் ஆண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்து உயிரிரசாயன அறிஞராகிய லெனாட் ஸ்கெக்ஸ் என்பவர் அமைத்த தானியங்கிக் கருவியை ரெக்னிக்கன் என்னுங் கம்பனி அவ்வாண்டிலே சந்தைக்குக் கொணர்ந்தது. அதற்கு முன்னரே, 1953இல், இரத்தக் கலங்களை எண்ணும் இயந்திரத்துக்கான முறைக்கு வொலஸ் கூல்ற்றர் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார். இன்று ஒரு பெரிய இயந்திரம் ஒரு மணித்தியாலத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்து முடிக்கின்றது. ஒன்றை எழுதும் இடத்திலே பத்தை எழுதினாலும் வைத்தியருக்கு வேலை கூடுவதில்லை. ஒரு கோடு போட்டால் முடிந்தது.

வசதி பெருகியது நன்மையே. பிணியை முன்கூட்டி அறிந்து எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றது இந்த முன்னேற்றம். ஆயினும், யோசிப்பதற்கு இருந்த தடை நீங்கியபோது யோசனையுஞ் சிறிது குறைந்துவிட்டது என்பதை மறுத்தற்கில்லை.

சிறுதுளி பெருவெள்ளம்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் இரத்தம் உண்டு. அதிலே ஒரு குழாய்க்கு மூன்று, நான்கு மில்லிலீற்றர் எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று வாசகர் கேட்கலாம். ஒரு நாளைக்கு எடுத்தாற் குறையாது என்பது மெய்யே. இரத்ததானஞ் செய்பவர் ஒரே தடவையில் 450 மில்லிலீற்றர் கொடுத்துவிட்டுத் தேநீர் அருந்தி வீடு செல்கின்றாரல்லவா? ஆனால் அவர் சுகதேகி. கட்டிலிற் கிடப்பவரோ சரியாக உண்ணாதவர். காய்ச்சலினாலும் வீக்கத்தினாலும் புதிய இரத்தம் உண்டாகும் வேகங் குன்றியவர்.

கனடாவின் ரொறன்ரோ நகரத்து வைத்தியசாலையொன்றிற் பொது விடுதி நோயாளரிடையே செய்யப்பட்டு 2005இல் வெளியான ஆய்வு, எடுக்கப்பட்ட ஒவ்வொரு 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கும் ஈமோகுளோபின் சராசரியாக 0.7 கிராம் வீதம் இறங்கியதெனக் காட்டியது. எமது மூதாட்டியின் கணக்கும் ஏறத்தாழ இதனோடு ஒத்திருப்பதை வாசகர் காணலாம்.

மாரடைப்புக்காக அனுமதிக்கப்பட்டோரைப் பற்றி 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இன்னும் பெரியது. 57 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 17,676 பேரின் பதிவேடுகள் பார்க்கப்பட்டன. வரும்போது இரத்தச்சோகை இல்லாதிருந்த இவர்களுள் ஐந்திலொரு பங்கினருக்கு, வைத்தியசாலையில் இருந்த காலத்திலேயே குறிப்பிடத்தக்க இரத்தச்சோகை உண்டாகியிருந்தது. அத்தகையோரிடமிருந்து எடுக்கப்பட்ட இரத்தம் சராசரியாக 174 மில்லிலீற்றர். அதாவது ஒரு தேநீர்க் கோப்பை நிறைய. மற்றையோரிடம் எடுத்ததோ 84 மில்லிலீற்றர் மாத்திரமே. நோய் கடுமையானவர்களிடம் அதிகம் எடுப்பது இயல்புதானே என்று ஐயுறலாம். அதனையுங் கணக்கிற் கொண்டு பார்த்தபோதும், எடுத்த ஒவ்வொரு 50 மில்லிலீற்றருக்கும் ஆபத்து 15 சதவீதம் உயர்ந்தே இருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்போர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஐரோப்பாவின் 146 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2002இல் வெளியான ஆய்வின்படி, ஒரு நோயாளியிடம் நாளொன்றுக்குச் சராசரி 41 மில்லிலீற்றர் எடுக்கப்பட்டது. இது ஏறக்குறைய மூன்று மேசைக்கரண்டி. இத்தனை இரத்தத்துடன் 20 மில்லிகிராம் இரும்புச்சத்தும் போய்விடுகின்றது. உணவிலிருந்து நமது குடல் நாளொன்றுக்கு உறிஞ்சுவது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மாத்திரமே. எனவே ஒரு நாளில் இழந்ததை ஈடுசெய்யப் பத்து நாட்களுக்குக் குறையாமற் செல்லும்.

குறைமாதத்திற் பிறந்து ஒரு கிலோகிராம் நிறையுடன் கிடக்கும் பச்சிளங் குழந்தையை எண்ணிப் பாருங்கள். அதன் உடல் முழுவதிலும் உள்ள இரத்தம் ஏறத்தாழ 90 மில்லிலீற்றர்தான். அதனிடம் ஐந்து மில்லிலீற்றர் எடுப்பது, வளர்ந்த ஒருவரிடம் கால் லீற்றருக்கு மேல் எடுப்பதற்குச் சமமாகும்.

இலக்கம் காட்டும் மயக்கம்

இரத்த இழப்பைவிட நுட்பமான தீமை ஒன்றும் உண்டு. பரிசோதனை அறிக்கையிலே ஒவ்வோர் இலக்கத்துக்கும் அருகே “இயல்பான எல்லை” என்று இரு எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இவ்வெல்லை பெரும்பாலும் எங்ஙனம் வகுக்கப்படுகின்றது? சுகதேகிகள் பலரைச் சோதித்து, அவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதத்தினரின் அளவுகளை இயல்பு என்று கொள்கின்றனர். அப்படியாயின், எந்த நோயும் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐவர் எல்லைக்கு வெளியே நிற்பர்.

ஒருவருக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளைச் செய்தால், அவர் முழுச் சுகதேகியாயினும், ஒன்றாவது எல்லை தவறி வருவதற்கு நூற்றுக்கு 64 பங்கு வாய்ப்பு உண்டு. இது கணித உண்மை. அந்த ஓர் இலக்கத்தைக் கண்டதும் வீட்டார் நெஞ்சம் பதறுகின்றது. “ஈரலில் ஏதோ கோளாறாம்” என்று அயலெங்கும் பேச்சுப் பரவுகின்றது. மறுபடி பரிசோதனை, அதன்பின் ஸ்கான், அதன்பின் நிபுணர். இறுதியில் ஒன்றும் இல்லையென்று தெரியவரும்போது, பணத்தோடு பல நாள் உறக்கமும் போயிருக்கும்.

ஏன் திரும்பத் திரும்ப?

வைத்தியர்கள் வேண்டுமென்றே இவ்வாறு செய்கின்றார்கள் என்று நாம் கூறமாட்டோம். காரணங்கள் பல.

முதலாவது, “நாள்தோறும்” என்ற ஒரு சொல். நோயாளி வந்த முதல்நாள், அவர் நிலை ஆபத்தாக இருக்கையில், இச்சொல் எழுதப்படுகின்றது. நிலை சீரான பின்னரும் அதனை வெட்டிவிட எவர்க்கும் நினைவு வருவதில்லை. எழுதுவதற்கு ஒருவர் உண்டு. நிறுத்துவதற்கு உரியவர் எவர் என்பது தெளிவில்லை.

இரண்டாவது, இளம் வைத்தியரின் அச்சம். காலையில் விடுதியைச் சுற்றிவரும் பெரிய வைத்தியர், “இன்றைய பொட்டாசியம் எவ்வளவு?” என்று கேட்டு, இல்லையென்று சொல்ல நேர்ந்தால் தலைகுனிவு. வேண்டாத பரிசோதனையை எழுதியதற்காக எவரும் கடிந்துகொள்வதில்லை, விட்டுவிட்டதற்காகவோ கடிந்துகொள்வர்.

மூன்றாவது, தகவல் தொலைதல். ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு, அரசாங்க கிளினிக்கிலிருந்து தனியார் நிபுணரிடம், அவரிடமிருந்து இன்னொருவரிடம் என்று நோயாளி அலைகையில் அறிக்கைகள் கூட வருவதில்லை. முந்தைய முடிவைத் தேடுவதிலும் புதிதாக எடுப்பது எளிதாகின்றது.

நான்காவது, நாமே. “பரிசோதனை ஒன்றும் எழுதாத டொக்டர் என்ன டொக்டர்!” என்று கூறுவோர் நம்மிடையே இல்லையா? தாமாகவே ஆய்வுகூடத்துக்குச் சென்று, “எல்லாவற்றையும் ஒருக்காற் பாருங்கள்” என்போரும் உண்டு.

இங்கே நடுநிலை தவறாதிருத்தல் வேண்டும். பதினைந்து ஆண்டுகளில் வெளியான 42 ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்க ஆய்வாளர் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பரிசோதனைகளில் ஐந்திலொரு பங்கு தேவையற்றவை என்று அது கூறியது. ஆனால் அதே கட்டுரை, செய்யவேண்டியிருந்தும் செய்யாமல் விடப்பட்டவை 45 சதவீதம் என்றும் எடுத்துக்காட்டியது. ஆகவே, “பரிசோதனையைக் குறை” என்பது தனியே ஒரு கொள்கையாகாது. வேண்டியதைச் செய்; வேண்டாததை விடு என்பதே முழுக் கொள்கை.

எது அவசியம், எது வீண்?

திரும்பச் செய்தே ஆகவேண்டிய பரிசோதனைகள் உண்டு. நமது நாட்டாருக்கு இதனை விளக்க டெங்குக் காய்ச்சலிலும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். இந்நோயிலே, காய்ச்சல் தணியும் வேளையிற்றான் ஆபத்து நெருங்குகின்றது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குகின்றது, இரத்தந் தடிக்கின்றது. ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும் அக்காலத்திலே, செங்கலங்களின் விகிதத்தைச் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பார்த்தே சேலைன் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்கின்றனர். “இப்போதுதானே எடுத்தீர்கள்!” என்று அங்கே தடுப்பது பெரும் பிழையாகும். அதற்கு விரல் நுனியிற் குத்தி எடுக்கும் சில துளிகளே போதுமானவை என்பதையும் நினைவிற் கொள்க.

நெஞ்சுவலியுடன் வந்தவரிடம், மாரடைப்பைக் காட்டும் துரோப்பொனின் என்னும் பொருளை முதலில் ஒருமுறையும், சில மணித்தியாலங்களுக்குப் பின் மறுமுறையும் பார்ப்பர். இரண்டுக்கும் இடையே உள்ள மாற்றமே நோயைக் காட்டும். குருதியேற்றுவதற்கு முன், இரத்தவகை தெரிந்திருந்தாலும், மீண்டும் மாதிரி எடுத்துப் பொருத்திப் பார்ப்பர். வகை மாறினால் உயிருக்கு ஆபத்து. எடுத்த மாதிரியிற் செங்கலங்கள் உடைந்துவிட்டாற் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும். அப்போதும் மறுபடி எடுப்பதே முறை.

இவற்றுக்கு மாறாக, உடலின் இயற்கைக் கதி மெதுவானதாக இருக்கையில் அடிக்கடி பார்ப்பதாற் பயனில்லை. சலரோகத்தாருக்குச் செய்யும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனையை எடுத்துக் கொள்வோம். செங்கலம் ஏறத்தாழ 120 நாட்கள் உயிர்வாழ்வது. அந்தக் கலத்தில் ஒட்டிய சீனியையே இப்பரிசோதனை அளக்கின்றது. ஆகவே இது கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் கணக்கு. மருந்து மாற்றிய இரண்டாம் வாரத்திற் பார்த்தால் மாற்றத்தை முழுமையாகக் காட்டாது. நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்க்கு ஆண்டுக்கு இருமுறையும், மருந்து மாறியவர்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்ப்பது பொதுவான வழக்கம்.

தைரொயிட்டு மருந்தின் அளவை மாற்றினால், உடல் புதிய நிலையில் அமைய ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தொடங்கியவர்க்கு நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களின் பின் பார்த்தாற் போதுமானது. சோற்றுப்பானையை அடுப்பில் ஏற்றியவுடன் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதனாற் சோறு விரைந்து வேகுமா? பிரித்தானியாவின் நோயியல் வல்லுநர் கழகம், எந்தப் பரிசோதனையை எவ்வளவு காலத்துக்கு முன் மறுபடி செய்யலாகாது என்று ஒரு பட்டியலே வகுத்திருக்கின்றது.

பிற நாட்டார் கண்ட வழிகள்

அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திலே சத்திரசிகிச்சை வைத்தியர் சிலர் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டனர். வாரந்தோறும் அவர்கள் கூடும் வேளையிலே, கடந்த வாரம் விடுதி நோயாளரின் இரத்தப் பரிசோதனைகளுக்கு ஆன கட்டணத்தை ஒருவர் எழுந்து வாசிப்பார். கண்டனமில்லை, தடையுமில்லை. தொகையை அறிவிப்பதோடு சரி. தொடக்கத்தில் ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு 147 டொலருக்கு மேலாக இருந்த செலவு, பதினோராம் வாரத்தில் 108 டொலராக இறங்கியது. அந்தப் பதினொரு வாரங்களில் மிஞ்சியது ஏறத்தாழ 55,000 டொலர். 2011இல் இவ்வாய்வு வெளியானபோது, இரத்தங் குடிக்கும் பேய்களை நினைவூட்டுந் தலைப்பொன்றை அவர்களே தமக்குச் சூட்டிக்கொண்டனர். தம்மைத் தாமே பரிகசித்துத் திருந்திய அப்பண்பு பாராட்டற்பாலது.

பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், கணினியிற் பரிசோதனையை எழுதும் இடத்திலேயே சிலவற்றின் கட்டணத்தைக் காட்டினார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, கட்டணங் காட்டப்பட்டவை 8.6 சதவீதங் குறைந்தன, காட்டப்படாதவை 5.6 சதவீதங் கூடின.

2012இல் அமெரிக்காவில் “விவேகமாகத் தெரிவு செய்வோம்” என்ற பொருள்படும் இயக்கமொன்று தொடங்கியது. ஒவ்வொரு துறை வைத்தியரும் தமது துறையில் ஐயத்துக்குரிய வழக்கங்களைத் தாமே பட்டியலிட்டனர். நோயாளியின் நிலையும் பரிசோதனை முடிவுகளும் சீராக இருக்கையில், இரத்தக்கல எண்ணிக்கையையும் இரசாயனப் பரிசோதனைகளையும் திரும்பத் திரும்பச் செய்யலாகாது என்பது வைத்தியசாலை வைத்தியர் சங்கத்தின் பட்டியலில் இடம்பெற்றது. கனடாவிலும் 2014இல் இத்தகைய இயக்கம் உருவானது.

கனடாவின் 25 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், வழக்கமான குழாய்களுக்குப் பதிலாகக் குறைந்த அளவே இரத்தங் கொள்ளும் சிறு குழாய்களைப் பயன்படுத்திப் பார்த்தனர். 2023இல் முடிவு வெளிவந்தது. சோதனைக்கு இரத்தம் போதாமற்போன சந்தர்ப்பங்கள் மிக மிக அரிதாகவே இருந்தன. அப்படியாயின், இத்தனை காலமும் மிகுதியாக எடுத்த இரத்தம் எங்கே போயிற்று? பரிசோதனை முடிந்தபின் கழிவோடு கழிவாகக் கொட்டப்பட்டது.

நமது நிலை

நமது அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் இல்லை. அது நாம் பெருமைப்பட வேண்டிய செல்வம். ஆனால் கட்டணம் இல்லை என்பதனாற் செலவு இல்லை என்றாகிவிடாது. இயந்திரமும் அதற்கு ஊற்றும் இரசாயனப் பொருளும் பெரும்பாலும் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்குபவை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது நேர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மருந்துத் தட்டுப்பாட்டினாற் பேராதனைப் போதனா வைத்தியசாலை அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வழக்கமான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. ஒரு நோயாளியிடம் வீணாகச் செய்த பரிசோதனைக்குரிய மருந்து, நெருக்கடி வேளையில் இன்னொரு நோயாளியிடம் உயிர்காக்கும் பரிசோதனைக்கு இல்லாமற் போகக்கூடும். வீண்செலவின் உண்மையான பாரம் அவ்விரண்டாம் நோயாளியின் தலையிலேயே விழுகின்றது.

விடுதியிலே பெரிய கணினிகள் இல்லாமலும் இதனைச் சீர்செய்யலாம். கட்டிற் சீட்டின் முன்பக்கத்தில் எல்லா முடிவுகளையும் திகதிவாரியாக ஒரே தாளில் எழுதி வைக்கலாம். “நாள்தோறும்” என்று எழுதுவதற்குப் பதிலாக, “இரண்டு நாட்களுக்கு” என்று முடிவுநாளும் சேர்த்து எழுதலாம். நோயாளியை வேறிடத்துக்கு அனுப்புகையில் அந்தத் தாளின் பிரதியொன்றை உடன் அனுப்பலாம். மூத்த வைத்தியர், “ஏன் எடுக்கவில்லை?” என்று கேட்பதுபோல, “ஏன் எடுத்தீர்?” என்றுஞ் சிலவேளை அன்போடு கேட்கலாம்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

வீட்டிலுள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கோப்பு வைத்துக் கொள்ளுங்கள். பரிசோதனை அறிக்கைகளைத் திகதி ஒழுங்கில், புதியது மேலே வரும்படி அடுக்குங்கள். கிளினிக் கொப்பியோடு அதனையும் எப்போதும் உடன் கொண்டு செல்லுங்கள். வைத்தியசாலையிலிருந்து வரும்போது அறிக்கைகளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைப்பதும் நன்று.

இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்திலேயே பரிசோதிப்பியுங்கள். இடத்துக்கு இடம் கருவியும் முறையும் வேறுபடுவதால் இலக்கங்களும் சிறிது வேறுபடும். அந்த வேறுபாட்டை நோயின் மாற்றமென மயங்கி மறுபடி பரிசோதிக்க நேரிடும். வெறுவயிற்றுடன் வரச் சொன்னால் அவ்வாறே செல்லுங்கள். காலையில் ஒரு கோப்பை தேநீர் அருந்திவிட்டுச் சென்றால் இன்னொரு நாள் இன்னொரு ஊசிக்கு நீங்களே வழிவகுத்தவராவீர்.

பரிசோதனை எழுதப்படுகையில் பணிவோடு மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இதனை அண்மையிற் செய்திருக்கின்றோமே, அந்த முடிவு போதாதா? இதன் முடிவினாற் சிகிச்சையில் ஏதேனும் மாறுமா? சில நாட்கள் பொறுத்துச் செய்தால் ஆபத்து உண்டா? நல்ல வைத்தியர் எவரும் இக்கேள்விகளாற் சினங்கொள்ள மாட்டார். மிக அவசியம் என்று அவர் காரணங் காட்டினால் மனமுவந்து இசையுங்கள். கேட்பது தடுப்பதற்காக அன்று, தெளிவதற்காகவே. விசேடமாகக் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இரத்தப்போக்கு ஆகியவற்றில் இரண்டாம் பரிசோதனையை ஒருபோதும் மறுத்துவிடாதீர்கள்.

எமது மூதாட்டியின் கதையை முடிக்கவில்லை. அவர் வீடு சேர்ந்து, கீரையும் மீனும் உண்டு, இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்துவந்தார். இரண்டு மாதத்தில் ஈமோகுளோபின் பழைய நிலைக்குத் திரும்பியது. அவருடைய பேத்தி பழைய பிஸ்கட் தகரமொன்றில் அறிக்கைகள் அத்தனையும் திகதிவாரியாக அடுக்கி வைத்திருக்கின்றாள். அடுத்த கிளினிக் நாளில் அந்தத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டே போய் அமர்ந்தார்கள். இளம் வைத்தியர் பரிசோதனைத் துண்டில் எழுதத் தொடங்கி, மேலே இருந்த தாளைக் கண்டு பேனையை நிறுத்தினார்.

“இது போன மாதந்தானே செய்தது. இப்ப தேவையில்லை, அம்மா.”

வழக்கம்போல முன்னதாகவே நீட்டியிருந்த கையை மூதாட்டி மெதுவாக மடித்துக்கொண்டார்.